90க்குப் பதில் 91

கேள்வி

அம்மாவுக்கு வணக்கம். உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. வாரத்தில் மூன்று அரை நாள் வகுப்பு; ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். போன வருடம் ஒரு பயிற்சியில் "டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்துங்கள்" என்று சொன்னார்கள். அன்றிலிருந்து ராத்திரி வீடியோ பார்த்துப் பார்த்து ஆப்களாக இறக்கி வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தால் 23 இருக்கிறது. ஒன்றையும் வகுப்பில் உருப்படியாக நடத்தவில்லை. தோழி கூப்பிட்டாள் என்று, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேவுக்கும் போய் வந்தேன். பாதிக்கு மேல் புரியவில்லை. ஒரு அறையில் கல்லூரிப் பிள்ளைகள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எந்தக் கருவியைக் கற்றுக்கொள்வது? புரியாத கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவு செய்து போவதில் பயன் உண்டா? பிள்ளைகள் ஏஐயில் போஸ்டர் செய்து வந்து "நான்தான் வரைஞ்சேன் மிஸ்" என்கிறார்கள், என்ன செய்வது? தலைமை ஆசிரியர் "இதனால ஸ்கூலுக்கு என்னங்க பிரயோஜனம்" என்று கேட்டால் என்ன சொல்வது? நான் எனக்கென்று படம் போட்டே ஆறேழு வருடம் இருக்கும். வீட்டில் அத்தை மட்டும் தினமும் விடியக்காலம் சிக்குக் கோலம் போடுகிறார்.

பதில்

அன்புள்ள டீச்சர்,

நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காமல் போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கென்று படம் போட்டு ஆறேழு வருடம் ஆகிறது என்பது ஒன்று. அத்தை தினமும் கோலம் போடுகிறார் என்பது இன்னொன்று. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கேள்விகளுக்கான பதில் முக்கால்வாசி இந்த இரண்டு வரிக்குள்தான் இருக்கிறது.

முதலில் அந்த 23 ஆப். வெட்கப்படாதீர்கள், என் கதை இதைவிட மோசம். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கு ஒரு நன்கொடையாளரைப் பிடித்து 12 டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன். படம் வரையும் மென்பொருள், பேனா, உறை எல்லாம் சேர்த்து. தொடக்க விழாவில் ரிப்பன் வெட்டினார்கள், எனக்குச் சால்வை போட்டார்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் 12 டேப்லெட்டும் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. சார்ஜர் ஒயர் நாலைந்து காணவில்லை. உடைந்தால் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாததால் யாரும் வெளியே எடுக்கவில்லை. குற்றம் அவர்களுடையதாக எனக்குப் படவில்லை. அந்தப் பள்ளியில் எந்த ஆசிரியருக்கும் அந்த டேப்லெட்டில் தனக்காக ஒன்று செய்து பார்க்கும் ஆசையை நான் உண்டாக்கவில்லை. பொருளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இது சின்ன அளவில். பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மோக் சின்தசைசர் என்ற, மின்சுற்றுகளால் இசை எழுப்பும் கருவியை வைத்து மின்னணு இசைக்கூடம் அமைத்துக் கொடுத்தார். அப்போது அது அரிய கருவி. நம் ஊர்க்காரர்கள் சிலர் உட்கார்ந்து பரிசோதனை இசை செய்தார்கள், ஒலிநாடாவில் பதிந்தும் வைத்தார்கள். மூன்று, நான்கு வருடத்தில் கூடம் அடங்கிப்போனது. அந்த நாடாக்கள் பல பத்தாண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து கண்டெடுக்கப்பட்டன. மோக் சின்தசைசருக்கே அந்தக் கதி. உங்கள் போனில் தூங்கும் 23 ஆப்பைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. இன்றைக்கு ராத்திரி 20ஐ அழித்துவிடுங்கள்.

சரி, எந்தக் கருவி?

கருவிக்கு முன்னால் கைவசம் ஒரு விஷயம் வேண்டும். உங்கள் வாசலில் அது தினமும் நடக்கிறது. ஒரு வாரம் அத்தை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். போட்டோ எடுக்க வேண்டாம். எந்தப் புள்ளியில் ஆரம்பிக்கிறார், எங்கே வலப்பக்கம் திரும்புகிறார், எங்கே புள்ளியைச் சுற்றி முழு வளையம் போட்டுத் திரும்பி வருகிறார், எங்கே கை நிற்கிறது என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். "நேரே, வலது வளைவு, நேரே, முழுச் சுற்று, இடது வளைவு" என்று ஒரு பட்டியல் கிடைக்கும். டீச்சர், அதுதான் நிரல். நீங்கள் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்பே புரோகிராம் எழுதியாகிவிட்டது.

இது என் கற்பனை இல்லை. 1970களில் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைப் 'பட மொழி'யாக எடுத்துக்கொண்டு அதற்கு இலக்கணம் எழுதினார்கள். ஒரு வாக்கியத்துக்கு விதி இருப்பது போலக் கோலத்துக்கும் விதி உண்டு. சின்னக் கோலத்திலிருந்து அதே விதியைத் திரும்பத் திரும்பப் போட்டால் பெரிய கோலம் வரும் என்பது அவர்கள் பார்த்த விஷயம். கணினி அறிவியலில் இன்றும் அந்தக் கட்டுரைகளை எடுத்துப் பேசுகிறார்கள். நம் பக்கத்து வீட்டுத் திண்ணையில் இருந்த சங்கதி ஆராய்ச்சி இதழ்களுக்குப் போய்விட்டது, பள்ளிக்கூடத்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

வகுப்பில் முதல் மாதம் கம்ப்யூட்டர் வேண்டவே வேண்டாம். மைதானத்தில் கல்லை வைத்து 3 புள்ளி, 3 வரிசை அமைத்துவிடுங்கள். ஒரு பிள்ளை கட்டளை சொல்லட்டும், இன்னொரு பிள்ளை கல்லுகளுக்கு நடுவே நடக்கட்டும். நடப்பவர் தானாக யோசிக்கக் கூடாது, சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். பத்து நிமிடத்தில் சண்டை வரும். "நான் ரைட்டுன்னு சொன்னேன்", "எனக்கு ரைட்டா, உனக்கு ரைட்டா?" என்று. அந்தச் சண்டையை நிறுத்தாதீர்கள், அதுதான் பாடம். 1967இல் குழந்தைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமூர் பேப்பர்ட் சொன்னதும் இதைத்தான். லோகோவில் ஒரு ஆமை உண்டு. அது சொன்னபடி நகர்ந்து கோடு போடும். குழந்தைக்குக் குழப்பம் வந்தால் எழுந்து நின்று தானே ஆமையாக நடந்து பார்க்கச் சொல்வார்.

அப்புறம் பள்ளியின் கணினி அறையான ஹைடெக் லேப். ஸ்க்ராட்ச் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். அமெரிக்காவின் எம்ஐடி ஊடகக் கூடத்தில் பேப்பர்ட்டோடு வேலை பார்த்த மிட்செல் ரெஸ்னிக் குழு 2007இல் வெளியிட்டது. இணையம் இல்லாமல் ஓடும் பதிப்பும் உண்டு, அதை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் போகும்போது தலையில் கை வைக்க வேண்டியதில்லை. திரையின் இடது கீழ் மூலையில் கூடுதல் வசதிகளுக்கான பொத்தான் இருக்கும். அதை அழுத்திப் பேனாவைச் சேர்த்துக்கொண்டால் நீங்கள் சொல்கிறபடி திரையில் நிற்கும் பூனைப் பொம்மை கோடு போட்டுக்கொண்டே நடக்கும். 100 அடி நகர், 90 டிகிரி திரும்பு, இதை 4 முறை செய் என்றால் சதுரம்.

ஒரு பட்டறையில் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் 90க்குப் பதில் 91 என்று அடித்துவிட்டான். சதுரம் சரியாகச் சேரவில்லை, மூலையில் கோடு கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது. அழிக்கப் போனான். "இரு தம்பி, 4க்குப் பதில் 360 முறை ஓட்டிப் பாரு" என்றேன். ஒவ்வொரு சதுரமும் முந்தையதிலிருந்து கொஞ்சம் விலகி விழுந்து, நடுவே வட்டமாக ஓட்டை விட்ட சரிகை வளையம் மாதிரி ஒன்று திரையில் நிறைந்தது. அறையே எழுந்து வந்து அவன் தோள்மேல் சாய்ந்து பார்த்தது. அதற்குப் பிறகு அன்றைக்கு என்னை யாரும் கவனிக்கவில்லை. 89 போட்டால் என்ன, 121 போட்டால் என்ன, 72 போட்டால் என்ன என்று அவர்களே வேலையை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கலையில் பரிசோதனை என்றால் எனக்கு இன்றும் அந்த 91தான் ஞாபகம் வரும்.

உங்களுக்கு நான் சொல்வது இந்த ஒரே பாதை. வாசல் கோலம், மைதானம், ஸ்க்ராட்ச். ஒரு வருடத்துக்கு இது போதும். ஆனால் ஒரு நிபந்தனை: பிள்ளைகளுக்குக் கொண்டுபோகும் முன் நீங்கள் உங்களுக்காக ஒன்று செய்திருக்க வேண்டும். பாடத் தயாரிப்பாக இல்லை, உங்கள் படமாக. அத்தையின் கோலத்தை எடுத்து, அவர் என்றைக்குமே போடமாட்டார் என்று தெரிந்த ஒரு திருப்பத்தை அதில் நீங்கள் வைத்துப் பார்ப்பது மாதிரி ஒன்று. அவரிடம் காட்டுங்கள். திட்டினால் இன்னும் நல்லது.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசைவூட்டம் செய்ய ஆசை இருந்தால் போன் கேமராவும், படங்களைக் கோக்கும் ஏதாவது ஒரு இலவச ஆப்பும் போதும். வினாடிக்கு 12 படம் என்பது சாதாரணக் கணக்கு. ஒவ்வொரு நிலையையும் இரண்டு தடவை காட்டினால் 6 படத்திலேயே ஒப்பேற்றலாம். பத்து வினாடிக்கு 60 படம், ஒரு பீரியடில் முடியும். போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவே அசையாமல் வைத்துத் தரையில் புளியங்கொட்டையை நகர்த்தினால் அருமையான படம் வரும். எல்லோரும் சறுக்குவது வெளிச்சத்தில்தான். ஜன்னலைத் தாண்டி ஒரு மேகம் போனாலும் படம் மின்னி மின்னித் தெரியும், ஆகவே ஜன்னலைச் சாத்தி டியூப் லைட்டில் எடுங்கள். கேமராவில் வெளிச்ச அளவைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள்.

ஒலி இன்னும் சுலபம், ஏனோ நம் ஓவிய ஆசிரியர்கள் அதைத் தொடுவதே இல்லை. கடலோரக் கிராமம் ஒன்றில் பிள்ளைகள் ஒரு காலை முழுக்கப் போனில் ஒலி பதிந்து வந்தார்கள். ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம், வலை உதறும் சத்தம், ஏலம், ஒரு பாட்டியின் இருமல். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வெட்டி ஒட்டினோம். ஸ்பீக்கர் வாங்கக் காசில்லை. ஒவ்வொரு போனையும் ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குள் இறக்கிவிட்டோம். குடத்துக்குள் ஒலி பெருகி, ஆழமாகி வேறு மாதிரி ஆகிவிட்டது. வரிசையாக ஒன்பது குடம். ஊர் ஜனம் வந்து தண்ணீர் மொள்வது போலக் குனிந்து காதை வைத்துக் கேட்டது. ஒரு பெரியவர் எல்லாக் குடத்தையும் கேட்டு முடித்துவிட்டு, ஒரு குடத்துக்கு மட்டும் திரும்பி வந்து நின்றார். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி கொச்சி.

அந்த அறையிலிருந்து நீங்கள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்ததை நான் நன்றாகவே கற்பனை செய்ய முடிகிறது. நுண்கலைக் கல்லூரியில் ஐந்து வருடம் படித்த நானும் அப்படி வெளியே வந்திருக்கிறேன். சுவரில் ஒட்டியிருக்கும் அந்த ஆங்கிலக் குறிப்புகள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றை எழுதியவரே மறுநாள் படித்தால் புரியுமா என்று எனக்குச் சந்தேகம். அதற்காக நீங்கள் கூச வேண்டாம்.

நீங்கள் கொங்கு நாட்டுக்காரர். சின்ன வயதில் அண்ணன்மார் கதை கேட்டிருப்பீர்கள். உடுக்கையடிப் பாட்டு ராத்திரி ராத்திரியாக நடக்கும். பாதித் தூக்கத்தில் அம்மா மடியில் கிடந்து கேட்டிருப்பீர்கள். படுகளத்தன்று பொன்னரும் சங்கரும் சாயும் இடத்தில் ஊர்க்காரர்களே அருள் வந்து விழுவார்கள், பிணம் போலக் கிடப்பார்கள், பிறகு எழுப்பப்படுவார்கள். பார்க்க வந்தவன் எங்கே முடிகிறான், நடிப்பவன் எங்கே ஆரம்பிக்கிறான் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு யாராவது உங்களிடம் "புரிந்ததா?" என்று கேட்டார்களா? பார்வையாளரை உள்ளே இழுக்கிற கலை என்று பினாலேக்களில் இன்று பெருமையாகப் பேசுவதை நீங்கள் ஆறு வயதில் பார்த்துவிட்டீர்கள். புரியாமல் உட்கார்ந்திருக்கத் தெரியும் உங்களுக்கு. இடையில் பள்ளிக்கூடம் வந்து அதைப் பரீட்சை ஆக்கிவிட்டது.

நான் மறக்காத ஒரு அறையைச் சொல்கிறேன். 2016 டிசம்பரில் தொடங்கிய பினாலே. ஃபோர்ட் கொச்சியில் ஆஸ்பின்வால் என்ற பழைய வணிகக் கிடங்கு. ஒரு நீண்ட கூடம் முழுக்கக் கடல்நீரை நிரப்பியிருந்தார் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரீத்தா. செருப்பைக் கழற்றிவிட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்து போக வேண்டும். பக்கச் சுவர்களில் சில கேள்வி வரிகள், கூடத்தின் கடைசிச் சுவரில் ஒரு கவிதை, அவ்வளவுதான். 2015இல் துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் போட்டோவை உலகமே பார்த்தது. அதே ராத்திரி அதே கடலில் அவன் அண்ணன் காலிப்பும் மூழ்கினான். அவனை அப்படி யாரும் பார்க்கவில்லை. கவிதை அந்த அண்ணனுக்கு. படித்துவிட்டுத் திரும்பினால், வந்த தண்ணீரிலேயே திரும்பி நடக்க வேண்டும். நனைந்த பாதத்தோடு வெயிலில் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, அந்த மனிதர் ஒரு படம்கூட வைக்கவில்லை என்று.

ஆசிரியராக இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அகதிகள் பற்றிய தகவலை இல்லை. நம் பள்ளியில் தண்ணீர் நிரப்பவும் முடியாது, தலைமை ஆசிரியர் மயங்கி விழுந்துவிடுவார். எடுத்துக்கொள்ள வேண்டியது வேலை செய்த விதத்தை. பார்க்க வருபவர் உடம்பால் என்ன செய்யும்படி வைத்திருக்கிறார்கள்? நடக்கவா, குனியவா, காத்திருக்கவா? என் ஒன்பது குடங்கள் அந்தத் தண்ணீரிலிருந்து வந்தவைதான்.

அதனால் அடுத்த முறை போகும்போது இப்படிப் போங்கள். உங்கள் ஊருக்குச் சென்னையைவிடக் கொச்சி பக்கம். பினாலே 2012 டிசம்பர் 12இல் ஆரம்பித்தது, பெரும்பாலும் டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை ஓடும். அரையாண்டு விடுமுறை உங்களுக்குத் தோதாக இருக்கும். எறணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகிலேயே போய்விடலாம், செலவு குறைவு, காற்றும் நன்றாக இருக்கும். எல்லா இடத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரே கட்டடம். அதிலும் மூன்று படைப்பு. ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம், முடிந்தால் தரையில் உட்கார்ந்து. முதலில் பாருங்கள், கையில் இருக்கும் நோட்டில் பென்சிலால் வரையுங்கள், கடைசியில் வேண்டுமானால் சுவர்க் குறிப்பைப் படியுங்கள். போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஓவிய ஆசிரியை நோட்டைத் திறந்து வரைய ஆரம்பித்தால் அந்தக் கல்லூரிப் பிள்ளைகளே எட்டிப் பார்க்க வருவார்கள்.

பெரிய பெயர்களை விடுங்கள், முதலில் மாணவர் பினாலேவுக்குப் போங்கள். 2014இலிருந்து நடக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து கலைக் கல்லூரிப் பிள்ளைகளின் வேலை. பசை காய்ந்த தடம், ஒயர் ஒட்டிய டேப் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எப்படிச் செய்தார்கள் என்பது மறைந்திருக்காது. பக்கத்தில் நின்று காவல் காப்பது பெரும்பாலும் செய்த பிள்ளையேதான். "தம்பி, இது எப்படிப்பா பண்ணினே?" என்று கேளுங்கள். "இது என்ன அர்த்தம்?" என்று கேட்டால் மனப்பாடம் ஒப்பிப்பார்கள், எப்படிப் பண்ணினாய் என்று கேட்டால் முகம் மலர்ந்து பிளக் பாயின்ட் வரைக்கும் காட்டுவார்கள். பினாலேயில் பள்ளிக் குழந்தைகளுக்கென்றே கலைப் பட்டறைகளும் நடக்கும். ஆசிரியர் என்று சொல்லி உள்ளே போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.

இன்னொரு விஷயம். நீங்கள் எல்லாவற்றையும் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறீர்கள். கலையும் தொழில்நுட்பமும் சேர்ந்த வரலாற்றில் அப்படி நடந்ததே குறைவு. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் ஒரு பழைய ராணுவக் கொட்டகையில் ஒன்பது ராத்திரி நிகழ்ச்சி நடத்தினார்கள். கலைஞர்கள் பத்துப் பேர், பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து பொறியாளர்கள் முப்பது பேர் போல. ராபர்ட் ராஷன்பெர்க் என்ற ஓவியர் இரண்டு பேரை டென்னிஸ் ஆடவிட்டார். மட்டையின் கைப்பிடிக்குள் மைக். பந்து அடிபடும் ஒவ்வொரு முறையும் அரங்கம் முழுக்க ஒரு 'டங்' சத்தம், கூடவே மேலே ஒரு விளக்கு அணையும். ஆட ஆட அரங்கம் இருட்டாகிக்கொண்டே போகும். அந்த ஒயர் வேலையை ஓவியர் கற்றுக்கொண்டு செய்யவில்லை. பில்லி க்ளூவர் என்ற பொறியாளர் தன் சகாக்களைத் திரட்டி வந்து செய்தார். உங்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இருக்கிறாரே, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

ஏஐ போஸ்டருக்கு வருகிறேன். திட்டுவதும் தடை போடுவதும் வேலைக்கு ஆகாது. அந்தப் பிள்ளை பொய் சொல்கிறது என்பதைவிட, போஸ்டர் என்றால் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று நாம்தான் பரிசு கொடுத்துக் கொடுத்துப் பழக்கியிருக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். முடிந்த படத்துக்கு மதிப்பெண் போடுவதைக் குறையுங்கள். வீணாய்ப்போன மூன்று முயற்சியையும் சேர்த்துக் கொண்டுவா, நாலையும் சேர்த்துத்தான் மார்க் என்று சொல்லுங்கள். கொஞ்ச நாளில் சரியாகும்.

ஏஐயை நேரடியாகவே வகுப்புக்குக் கொண்டுவரவும் ஒரு வழி இருக்கிறது. நீங்களே, உங்கள் போனில், ஏதாவது ஒரு படம் வரையும் ஏஐயிடம் ஒரு சிக்குக் கோலம் கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்தபோதெல்லாம் தூரத்தில் பார்க்கக் கோலம் மாதிரியே இருந்தது. கிட்டப் போய் ஒரு கம்பியை, அதாவது கோலக் கோட்டை, பிடித்து விரலால் தொடர்ந்து போனால் பாதியில் ஆளைக் காணோம். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, இரண்டு கம்பி ஒன்றாகிக் கலந்து போகிறது. அதை அச்செடுத்துக் கொடுத்து, எங்கே அறுந்திருக்கிறது என்று சிவப்புப் பேனாவால் திருத்தச் சொல்லுங்கள். இதுவரை நம் பேப்பரைத் திருத்தியவர்கள் எல்லாம் போக, பிள்ளைகள் ஒரு இயந்திரத்தின் பேப்பரைத் திருத்துவார்கள். அந்தக் கருவி நாளைக்கே சரியாகப் போட ஆரம்பித்துவிடலாம். பரவாயில்லை, அது வரைக்கும் திருத்துவோம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகளின் போட்டோ, பெயர், குரல் எதையும் இந்த ஆப்களில் ஏற்றாதீர்கள், அவர்கள் பெயரில் கணக்கும் தொடங்காதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கிடுகிறது; அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஒரு பெண் குழந்தையின் படம் எங்கே போய் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தலைமை ஆசிரியருக்கு என்ன பதில்? கலையின் மகத்துவத்தைப் பேச வேண்டாம், அவருக்கு நேரமில்லை. இதைச் செய்து காட்டுங்கள். உள்ளே எந்தத் திருப்பமும் வைக்காமல், புள்ளிகளைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டே போகிற வெறும் நெளிக் கோலம். 3 புள்ளி, 4 வரிசை நேர்ப்புள்ளி வைத்துப் போட்டால் ஒரே கம்பியில் முடியும். 4க்கு 6 வைத்தால் இரண்டு கம்பி வரும். 4க்கு 4 என்றால் நாலு கம்பி. ஏன்? கம்பியின் எண்ணிக்கை அந்த இரண்டு எண்ணின் மீப்பெரு பொதுக் காரணி. ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம். பிள்ளைகளைத் தரையில் போடவிட்டு, கணக்கு டீச்சரையும் கூப்பிட்டு, 6க்கு 9 போட்டால் எத்தனை கம்பி வரும் என்று தலைமை ஆசிரியரையே சொல்லச் சொல்லுங்கள். மூன்று என்று அவர் சொல்லி, அது மூன்றாகவே வந்துவிட்டால், அப்புறம் ஹைடெக் லேப் சாவி கேட்பது கஷ்டமாக இருக்காது. வாரம் ஒரு பீரியட் கேளுங்கள், அதற்கு மேல் கேட்காதீர்கள். கலைத் திருவிழாவுக்கு இதை ஒரு உருப்படியாகச் சேர்க்கலாம் என்பார். சரி என்று சொல்லுங்கள், ஆனால் போட்டிக்காகவே ஒத்திகை பார்க்கும் வேலையாக அது மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைக்காசு விஷயத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. பகுதிநேரச் சம்பளத்தில் பள்ளிக்குப் பொருள் வாங்காதீர்கள். நான் சொன்னதில் எதற்கும் காசு தேவையில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கொச்சிப் பயணத்துக்குச் செலவு செய்யுங்கள், அது உங்களுக்கானது. வீட்டில் கேட்டால் டீச்சர் வேலைக்காக என்று சொல்லாமல், நான் பார்க்கப் போகிறேன் என்றே சொல்லிப் பாருங்கள். சொல்வது எளிது என்று எனக்குத் தெரியும். முடிந்தால் அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுவர்க் குறிப்பு படிக்காமல், யாருக்கும் கூச்சப்படாமல், "இதை எதுக்கு இப்படித் தலைகீழா மாட்டி வெச்சிருக்காங்க?" என்று சத்தமாகக் கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது பினாலே பார்க்க மிக நல்லது.

போவதற்கு முன், விடியக்காலம் ஒருநாள் நோட்டோடு வாசலில் உட்கார்ந்து அந்தப் பட்டியலை எழுதிவிடுங்கள். எந்தப் புள்ளியில் ஆரம்பிக்கிறார் என்று அவரையே கேட்டுப் பார்த்து எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். நான் கேட்ட பெண்களில் பலர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலியே, இரு, போட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.